கழுத்துக் கட்டியும் காசநோயும்



ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். வயது நாற்பது இருக்கும். முன்கழுத்தில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. மூன்று மாதங்களாக அதைச் சேலைத் தலைப்பால் மறைத்து வருகிறார். மூத்த மகளுக்கு வரன் பார்க்கும் வேளை அது. புற்றுநோயாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சம் ஒருபுறம். வெறும் கழலைதான், தானே வற்றிவிடும் என்னும் ஆறுதல் மறுபுறம். மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கக்கூடும் என்பதை அவர் அறியார். தைராய்டு சுரப்பியைப் பற்றும் காசநோயே அது.

காசநோய் என்றதும் இருமலும் மெலிந்த உடலும் நம் நினைவுக்கு வரும். ஆனால் 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்த அக்கிருமி நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தின் வழியே எலும்பு, மூளையுறை, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளை அடைகிறது. கழுத்தின் நிணநீர்க் கணுக்களில் அது உண்டாக்கும் கட்டிகளை நம் முன்னோர் கண்டமாலை என்றனர். தைராய்டு சுரப்பியை அது தாக்குவது மிக அரிது. அரிதாக இருப்பதாலேயே மருத்துவரின் எண்ணத்திலும் அது எளிதில் தோன்றுவதில்லை.

அடையாளங்களும் ஏமாற்றக்கூடியவை. மாலைக் காய்ச்சலோ உடல் மெலிவோ இல்லாதிருக்கலாம். நெஞ்சு எக்ஸ்ரே குறையேதும் காட்டாதிருக்கலாம். தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஸ்கேன் கட்டியைக் காட்டும். அது புற்றா, காசமா என உறுதியாகக் கூறாது. புற்றுநோய் என ஐயுற்றுச் சுரப்பியை அறுத்தெடுத்த பின்னரே உண்மை வெளிப்பட்ட நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. சுரப்பி முழுவதையும் இழந்தவரோ வாழ்நாளெல்லாம் தைராக்சின் மாத்திரை உண்ண வேண்டும்.

இதைத் தவிர்க்க உதவுவது ஒரு மெல்லிய ஊசி. அதைக் கட்டியினுள் செலுத்தி, சிறிதளவு உயிரணுக்களை உறிஞ்சியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பர். பாலாடைக்கட்டி போன்ற சிதைவு தென்பட்டால் காசநோய் என்னும் ஐயம் வலுப்படும். பின்னர் சாயமேற்றிக் கிருமியைத் தேடுவர்; வளர்ப்புப் பரிசோதனைக்கும் அனுப்புவர். கிருமி மெல்லப் பெருகுவதால் அதன் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் புதிய பரிசோதனையோ ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் விடை தரும். எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் இட்டுவிட்டால் கிருமி இறந்துபோகும். அதை வளர்த்துப் பார்க்க இயலாது. ஆகவே ஒரு பகுதியைத் தனியே உப்புநீரில் வைத்து அனுப்ப வேண்டும். காசநோயாக இருக்கலாம் என்று முன்னரே எண்ணியவருக்கே இது தோன்றும்.

அவ்வெண்ணத்தை மருத்துவருக்கு ஊட்டவல்லவர் யார்? நாமே! "என் மாமனாருக்குக் காசநோய் இருந்தது; நான்தான் அவரைப் பார்த்துக்கொண்டேன்" என்னும் ஒரு சொல் போதும். ஆனால் அச்சொல்லைத்தான் நாம் குடும்ப மானம் கருதி விழுங்கிவிடுகிறோம். கட்டியைச் சேலைத் தலைப்பு மறைக்கிறது. காரணத்தை மௌனம் மறைக்கிறது.

மறைக்க வேண்டிய தேவைதான் என்ன? கழுத்தில் மட்டுமே உள்ள காசநோய் பேச்சினாலோ உண்கலத்தினாலோ பிறருக்குத் தொற்றாது. நுரையீரலிலும் நோய் உண்டா என்று பார்த்துக்கொண்டால் போதும். குறைந்தது ஆறு மாதங்கள் இடைவிடாது மருந்து உண்டால் பெரும்பாலோர் குணமடைவர். சீழ் கட்டியிருந்தால் அதை வெளியேற்ற வேண்டியிருக்கலாம். நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

தைராய்டுக் கட்டிகளுள் பெரும்பாலானவை காசநோயும் அல்ல, புற்றுநோயும் அல்ல. எதுவாயினும் அதை அறிந்துகொள்ளும் வழி ஒன்றே. இன்று உங்கள் இல்லத்தில் யாரேனும் கழுத்தை மூடிக்கொண்டு நடந்தால், அன்போடு அருகில் அமர்ந்து கேளுங்கள். நாளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கேட்கப்படும்போது எதையும் மறைக்காதீர்கள்.