கண்ணோரத்து வெள்ளைப் படையை விட்டுவைக்காதீர்கள்

நிலக்கடலை இலையில் ஒரு புள்ளி தெரிந்தால் மறுநாளே அந்த இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து காட்டும் விவசாயிகள் சங்ககிரி வட்டாரத்தில் நிறைய உண்டு. டிக்கா நோயா, துரு நோயா, மருந்து அடிக்கலாமா, இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அதே வீட்டுத் தொழுவத்தில் கட்டியிருக்கும் மாட்டின் கண்ணோரத்தில் ஒரு வெள்ளைப் படை மாதக்கணக்கில் இருந்தாலும் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தாதவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் சங்ககிரிக்குப் பக்கத்து ஊரில் சோளப் பயிரைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் நான்காம் ஈத்து ஹோல்ஸ்டீன் கலப்புப் பசு ஒன்று கட்டியிருந்தது. முகத்தில் பாதிக்கு மேல் வெள்ளை. இடது கண்ணிலிருந்து நீர் வடிந்து கன்னத்தில் தடம் விழுந்திருந்தது. கண்ணின் உள்மூலையில் அரிசி அளவுக்கு வெளுத்த தடிப்பு. "தூசி உளுந்திருக்குமுங்க, வெயில் தணிஞ்சா சரியாப் போயிருமுங்க" என்றார் வீட்டுக்காரர். நான் பயிர்க்காரன், மாட்டு வைத்தியன் அல்ல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து மறுபடி போனபோது, அந்தக் கண் இருந்த இடத்தில் பூக்கோசு போல் சிவந்த சதை. ஈ மொய்த்துப் புழுவும் வைத்திருந்தது. எலும்பு வரை போய்விட்டது, இனி அறுத்துப் பயனில்லை என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தக் குடும்பம் நம்பியிருந்தது அந்த ஒரு மாட்டின் பாலைத்தான்.

அரிசி அளவில் இருந்தபோதே காட்டியிருந்தால் அந்த மாட்டைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அன்று நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாததற்கான கடனைத்தான் இந்த வாரம் இங்கே எழுதித் தீர்க்கிறேன்.

இதன் பெயர் கண் புற்றுநோய். மாடுகளின் கண்ணில் வரும் கட்டிகளில் உலகம் முழுவதும் அதிகம் காணப்படுவது இதுதான். முதன்மைக் காரணம் வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர், நிறமி இல்லாத தோலையும் சவ்வையும் ஆண்டுக்கணக்கில் தாக்கி, அங்குள்ள உயிரணுக்களைக் கெடுக்கிறது. அதனால்தான் கன்றுகளிடமும் இளம் மாடுகளிடமும் இது அரிது. பெரும்பாலும் ஐந்து வயதைத் தாண்டிய மாடுகளில், வயது கூடக் கூட அதிகமாகத் தெரிகிறது.

நம் காங்கேயம் மாட்டைப் பாருங்கள். மயிர் வெள்ளையும் சாம்பலுமாக இருந்தாலும் அடியிலுள்ள தோல் கறுப்பு. கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல் கறுப்பு வளையம். இந்த வெயிலுக்கென்றே அமைந்த உடம்பு அது. ஜெர்சிக் கலப்பிலும் கண்ணோரம் பொதுவாகக் கறுத்தே இருக்கும். ஹோல்ஸ்டீன் கலப்பில் முகம் வெள்ளையாக அமைந்துவிட்டால், இமை இளஞ்சிவப்பாக, எந்தக் காப்பும் இல்லாமல் இருக்கிறது. சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் கலப்பு என்பதுதான் தமிழகத்தில் நெடுநாளாகச் சொல்லப்படும் இனவிருத்தி முறை. ஆனாலும் பால் கூடுதல் என்பதற்காகச் சமவெளியிலும் ஹோல்ஸ்டீன் கலப்பு நிறைய வந்துவிட்டது. வந்த மாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்கு வேண்டிய காப்பை நாம் தர வேண்டும்.

இந்த நோய் ஒரே நாளில் புற்றாக வருவதில்லை. முதலில் வெளுத்த, சற்றே தடித்த ஒரு படை. கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில், கண்ணின் உள்மூலையிலுள்ள மூன்றாவது இமையில், அல்லது கீழ் இமை விளிம்பில் இது தோன்றும். அடுத்து மரு போல் எழும்பும். இமையில் வந்தால் கறுத்த பொருக்காகவும் இருக்கும். இந்த நிலைவரை அது புற்று அல்ல, புற்றுக்கு முந்தைய நிலை. இவற்றில் ஒரு பகுதி தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு மாட்டுக்குத் தானாகப் போனதைப் பார்த்தவர், அடுத்த மாட்டுக்கும் போய்விடும் என்று இருந்துவிடுகிறார். எது மறையும், எது புற்றாக மாறும் என்று வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மாறிவிட்டால் அது இமையைத் தின்று, கண்ணுக்குள் இறங்கி, கண்குழி எலும்பைப் பிடிக்கும். காதுக்குக் கீழேயுள்ள நெறிக்கட்டி வீங்கும். பிறகு நெஞ்சுக்குள்ளும் போகலாம். வலியால் மாடு தீனி எடுக்காது, பால் வற்றும். விற்கப் போனாலும் வாங்க ஆள் இருக்காது.

சிகிச்சையின் அளவும் நாள் போகப் போக மாறுகிறது. சிறிய படையாக இருக்கும்போது, மரத்துப்போக ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம், அல்லது குளிரால் உறையவைத்து அழிக்கலாம். மூன்றாவது இமையில் மட்டும் இருந்தால் அந்த இமையை எடுத்துவிட்டால் பார்வை தப்பும். கொஞ்சம் தாமதித்தால் கண்ணையே எடுக்க வேண்டும். ஒற்றைக் கண்ணோடு மாடு மேயும், கன்று ஈனும், பாலும் தரும். அதற்கும் தாமதித்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. சிறிதாக எடுத்த பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அது திரும்ப வரக்கூடியது, மறு கண்ணிலும் வரலாம்.

புகையிலைச் சாறு விடுவது, சுண்ணாம்பு தடவுவது, மருவுக்குக் கட்டுவது போல் முடியால் கட்டி அறுப்பது எதுவும் வேண்டாம். கண் புண்ணாகும், நாளும் வீணாகும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றிக் கேட்கலாம். அறுவை தேவைப்பட்டால் நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த வசதி அருகில் இல்லாத மாவட்டங்களை நினைத்தால் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

தடுப்பது என் துறைக்குள் வருகிறது. வெள்ளை முக மாட்டைக் காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்றரை வரை வெட்ட வெளியில் கட்டாதீர்கள். மேய்ச்சலைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், உச்சி வெயில் உள்ளே இறங்காது. நம் பெரியவர்கள் கொரங்காட்டில் கிளுவை வேலியும் வெள்வேல மரமும் வைத்தது வீணுக்கு அல்ல. தொழுவத்தைச் சுற்றி வேம்போ புங்கனோ நான்கு மரம் வைத்தால், வெப்பத்தால் குறையும் பாலும் ஓரளவு நிற்கும். கருங்கல்பாளையம் சந்தையில் பல்லையும் மடியையும் பார்க்கும் நீங்கள், கண்ணோரம் கறுப்பா சிவப்பா என்பதையும் பாருங்கள். இமையின் கறுப்பு தாய் தந்தையிடமிருந்து வருவது. சினை ஊசி போடும்போதும் அதைக் கேளுங்கள்.

மாட்டுக்குச் சொன்னது மனிதருக்கும் ஓரளவு பொருந்தும். வெளுத்த தோல் உள்ளவர்கள் அதிகம் வாழும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், வெயில் பட்ட முகத்திலும் கையிலும் சொரசொரப்பான செதில் படைகள் வருகின்றன. எல்லாப் படையும் புற்றாவதில்லை, ஆனால் எது ஆகும் என்று தெரியாததால் அகற்றிவிடுகிறார்கள். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இயற்கையே குடை பிடிக்கிறது, அதனால் நாம் அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பிறவியிலேயே நிறமி இல்லாமல் தோலும் முடியும் வெளுத்திருப்பவர்கள் வயலில் இறங்கும்போது முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் கட்டாயம். மற்றவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள்: பழைய தீக்காயத் தழும்பில் மறுபடி வெடிக்கும் புண், காலில் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், உதட்டில் ஆறாத பொருக்கு இவற்றை மஞ்சள் பூசி மறைக்காமல் சேலம் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள்.

அரசுத் துறையிடம் ஒரு கோரிக்கை. கோமாரித் தடுப்பூசிக்காக ஆண்டுக்கு இருமுறை ஊர் ஊராக மாடுகள் வரிசையில் நிற்கின்றன. ஊசி போடும் அந்த நேரத்தில் வெள்ளை முக மாடுகளின் கண் இமையை விலக்கி ஒருமுறை பார்க்கவும், படை இருந்தால் எழுதிவைக்கவும் ஊழியர்களுக்குச் சொல்லலாம். தனிச் செலவு ஏதுமில்லை, ஒரு மாட்டுக்கு அரை நிமிடம் போதும்.

முகாம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை பால் கறந்து முடித்ததும் மாட்டின் முகத்தைத் தூக்கி, இரண்டு கண்ணையும் வெளிச்சத்தில் பாருங்கள். படை ஏதும் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.