பாதை போட்டவர்களுக்கு ஓட்டத்தில் இடம் உண்டா?

மலைப்பாதை ஓட்டம் என்று ஒரு விளையாட்டு நம் மலைகளுக்கும் வந்துவிட்டது. டிரெயில் ரன்னிங் என்கிறார்கள். தார்ச்சாலையில் ஓடுவதல்ல. சோலைக்காட்டு ஓரத்திலும் புல்வெளியிலும் தேயிலைச் சரிவிலும் கிடக்கிற ஒற்றையடிப் பாதையில் ஓட வேண்டும். இருபது கிலோமீட்டர், ஐம்பது, நூறுகூட உண்டு. வேர் தடுக்கும், பாசி வழுக்கும், அட்டை ஏறும். ஏற்றத்தில் மூச்சு தாங்க வேண்டும், இறக்கத்தில் முழங்கால் தாங்க வேண்டும். நல்ல விளையாட்டுதான், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நம் கேள்வி வேறு. நுழைவுக் கட்டணம் ஆயிரக்கணக்கில். அதற்கென்று தனிக் காலணி, முதுகில் தண்ணீர்ப் பை, கையில் தூரம் காட்டும் கடிகாரம். இவை எல்லாம் சேர்ந்தால் ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். காலை ஆறரை மணிக்குப் பெரட்டுக்குப் போகும் பெண்கள் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிடுகிறார்கள். ஓடுகிறவர்கள் கையசைக்கிறார்கள், இவர்களும் கையசைக்கிறார்கள். பகை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பாதை யாருடையது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பாதை என்பது நமக்குச் சாதாரணச் சொல் அல்ல. 1893-இல் திருவிதாங்கூரில் அய்யங்காளி வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனது பாதைக்காகத்தான். 1924-இல் வைக்கத்தில் போராடியது கோயிலைச் சுற்றிய தெருவுக்காகத்தான். அதே 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பாரும் நடக்கத் தடை கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. சட்டத்தில் நடக்கும் உரிமை கிடைத்து நூறு ஆண்டுதான் ஆகிறது. செருப்புப் போட்டு நடந்ததற்காக இப்போதும் அடி விழுகிற ஊர்கள் இருக்கின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

நீலகிரி மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சென்னைக்குப் போய்ப் பத்திரிகை தொடங்குவதற்கு முன் சீனிவாசன் இந்த ஊட்டியில்தான் கணக்கராக வேலை பார்த்தார். அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்ததும் இந்த மலையில்தான். 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அவர் கூட்டியதும் இங்கேதான். சுற்றுலாக் கையேடுகளில் சல்லிவன் வருவார், தாவரவியல் பூங்கா வரும், மலை ரயில் வரும். இந்த இருவரும் வரமாட்டார்கள்.

இனி, பாதையை வெட்டியது யார் என்பதற்கு வருவோம். இதற்குக் கடலைத் தாண்ட வேண்டும். நம் கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி மக்களில் பெரும்பகுதியின் கதை அங்கேதான் இருக்கிறது.

இலங்கை மலையகத்தில் பெக்கோ டிரெயில் என்றொரு பாதை இப்போது உலகப் பெயர் பெற்றிருக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், மொத்தம் 22 கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. நடப்பவர்கள் வாரக்கணக்கில் நடக்கிறார்கள், ஓடுகிறவர்கள் நாள்கணக்கில் ஓடி முடிக்கப் பார்க்கிறார்கள். மூடுபனி, அருவி, மலைக்காடு, கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. படங்களைப் பார்த்தால் நமக்கே போக ஆசை வருகிறது. பெக்கோ என்பது தேயிலை ரகத்தின் பெயர். அந்தப் பாதையில் பெரும்பகுதி வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை கொண்டுபோன தோட்டப் பாதை.

தோட்டத் துரை மண்வெட்டி பிடிக்கவில்லை. பிடித்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து கங்காணி அழைத்துப்போன நம் ஆட்கள். பள்ளர், பறையர், அருந்ததியர் என்று பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகள்தான். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் பின்னாலிருந்து தள்ள, தோணியேறி மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காலராவும் மலைக்காய்ச்சலும் வழியிலேயே எத்தனையோ பேரை எடுத்துக்கொண்டன. அவர்கள் நடந்த தடத்துக்குக் கட்டம் பிரித்து எண் போட்டு யாரும் பலகை வைக்கவில்லை.

முதலில் காப்பி. 1869-இல் இலையில் துரு நோய் விழுந்து காப்பி அழிந்தது. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காட்டை வெட்டியது, மலைச்சரிவில் கல்லடுக்கியது, பாதை போட்டது, கொழுந்து பறித்துக் கூடையில் சுமந்து வந்தது எல்லாம் ஒரே கைகள், ஒரே கால்கள். டெய்லரின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

அந்த மக்கள் இலங்கைக்குப் போய் 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைப்பயணம் கிளம்பியது. முன்னோர் நடந்த அதே வழி. ஆகஸ்ட் 12-இல் மாத்தளை சேர்ந்தார்கள். நிலம், வீடு, கௌரவமான கூலி, சமமான குடியுரிமை ஆகியவையே அவர்கள் கேட்டவை. ஒரே மலைக்குப் போகிற இரண்டு நெடும்பாதைகள் இவை. ஒன்றில் ஓடியவரின் நேரத்தைக் கணக்கெடுக்கிறார்கள். மற்றொன்றில் நடந்தவர்கள் தங்களையும் மனிதர்களாகக் கணக்கெடுக்கச் சொல்கிறார்கள். 2021-இல்தான் அங்கே நாள் கூலி 1,000 இலங்கை ரூபாயைத் தொட்டது. பெக்கோ பாதை பக்கத்திலேயே போகிற லயங்களில் இன்னும் ஒற்றை அறையில்தான் குடும்பங்கள் வாழ்கின்றன.

1948-இல் அவர்களின் குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். மாட்டைப் பங்கு பிரிப்பதுபோல் பிரித்தார்கள் என்று நம் பாட்டிகள் சொல்வது மிகையல்ல. யாரிடமும் விருப்பம் கேட்காமல் போட்ட ஒப்பந்தம் அது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசு தொடங்கியதுதான் இன்றைய டேன்டீ. இங்கும் காட்டைத் திருத்தினார்கள், பாதை போட்டார்கள். ஒரு பரம்பரைக்குள் இரண்டு நாட்டு மலைகளில் பாதை வெட்டிய மக்கள் இவர்கள்.

2022-இல் டேன்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பதாக அரசு முடிவெடுத்தது. காடு திரும்ப வளர்வது நல்லது, யானைக்கும் வழி வேண்டும். ஆனால் ஓய்வுபெற்ற தொழிலாளி வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவார் என்ற கேள்விக்கு முழுப் பதில் இன்னும் வரவில்லை. நாளை அந்தச் சரிவு காப்புக்காடாகும். அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் அதில் நடக்கலாம். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர் தன் பழைய லைன் வீட்டைப் பார்க்கப் போனால் அத்துமீறல் ஆகிவிடும். நாம் பயப்படுவது இதற்குத்தான்.

பாதையின் ஆபத்தும் எல்லாருக்கும் ஒன்றல்ல. ஓட்டம் நடக்கும் நாளில் ஆம்புலன்ஸ் நிற்கிறது, மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தன்னார்வலர் நிற்கிறார், யானை நடமாட்டம் இருந்தால் வழித்தடம் மாறுகிறது. மறுநாள் அதே பாதையில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் குழந்தை. நம் பிள்ளைகள் படித்து இறங்கிப்போகப் போக, அந்த லைன் வீடுகளுக்கு இப்போது அவர்கள் வருகிறார்கள். அவர்களைப் பற்றியும் இந்தப் பத்தியில் தனியாக எழுத வேண்டும்.

'உங்கள் பிள்ளைகளுக்கு என்ன, மலையில் பிறந்த உடம்பு, இயற்கையாகவே ஓடுவார்கள்' என்று பாராட்டாகவே சிலர் நம்மிடம் சொல்கிறார்கள். இந்தப் பாராட்டை நாம் ஏற்பதில்லை. உடம்பு உங்களுக்கு, மூளை எங்களுக்கு என்ற பழைய பங்கீடுதான் புதுச் சட்டை போட்டு வருகிறது. தினமும் இரண்டு மணி நேரம் மலையேறி இறங்கினால் எந்தச் சாதிப் பிள்ளைக்கும் கால் வலுக்கும். பேருந்து இல்லாததால் வந்த வலு அது.

மெக்சிகோவில் ராராமுரி என்ற பழங்குடிகளையும் இப்படித்தான் 'பிறவி ஓட்டக்காரர்கள்' என்கிறார்கள். ஸ்பானியருக்கு ஒதுங்கி மலைப் பள்ளத்தாக்குகளுக்குள் போய் வாழ்ந்தவர்கள். 1993-இல் அமெரிக்காவின் லெட்வில் நூறு மைல் ஓட்டத்தில் விக்டோரியானோ சுரோ என்ற 55 வயது ராராமுரி விவசாயி முதலாவதாக வந்தார். 2017-இல் பியூப்லாவில் நடந்த 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் பெண்கள் பிரிவில் வென்றவர் லொரேனா ராமிரெஸ், 22 வயது. பாவாடையோடு, டயர் ரப்பரில் செய்த செருப்போடு ஓடினார். உலகமே அந்தச் செருப்பைப் படம் பிடித்தது. ஆடு மேய்க்கப் போகும் தூரத்தைத்தான் அவர் பயிற்சியாகச் சொன்னார். அவர்கள் ஊரில் வறட்சியும் பசியும் இருப்பதைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை.

நம் நாட்டுக் கதையும் உண்டு. பல்வங்கர் பாலு என்ற தலித் இளைஞர் புனேயில் வெள்ளையர் கிளப் மைதானத்தைப் பராமரிக்கிற வேலையில் இருந்தார். வலைப்பயிற்சியில் துரைமாருக்குப் பந்து போடக் கூப்பிட்டார்கள், மட்டையைக் கொடுக்கவில்லை. அவர்தான் 1911-இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். மைதானத்தைச் செப்பனிடுகிறவனுக்கு ஆடத் தெரியும் என்பது நூறு வருடம் முன்பே நிரூபணமான விஷயம்.

இன்று நம் கிராமத்து இளைஞன் ஓடுவது காவலர் தேர்வுக்காக மட்டும். 1,500 மீட்டர், ஏழு நிமிடம். அதில் தேறினால் வேலை, தவறினால் ஓட்டத்தையே விட்டுவிடுகிறான். ஓடுவது சந்தோஷம் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷமும் நம் உரிமைதான் என்கிறோம். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலிருந்தும் தோட்டப் பள்ளிகளிலிருந்தும் வருகிற மாணவ மாணவியருக்கு மலை ஓட்டங்களில் கட்டணமில்லா இடமும் காலணியும் கொடுக்க வேண்டும். இதை நடத்துகிறவர்கள் தயவாகச் செய்ய வேண்டாம். பாதைக்குத் தரும் வாடகையாகச் செய்யட்டும். அரசு அனுமதி கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக்கலாம். விளையாட்டுத் துறையும் கால்பந்து, கபடியோடு மலை ஓட்டத்தையும் மாவட்டப் போட்டிகளில் சேர்க்கலாம்.

அடுத்த ஓட்டத்துக்கு வழித்தடம் வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லைன் வீட்டுப் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்த வளைவில் யானை நிற்கும், எந்த மரப்பாலம் மழைக்குத் தாங்காது, எந்தச் சரிவில் விடியற்காலையில் பனி விலகாது என்று கூகுள் வரைபடத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வந்துபோகும் அன்று அவர்களுக்கு ஒரு பேர் போய்விடும். அந்த நாள் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.