குடலில் கசிவு, மூளையில் பூஞ்சை: எச்.ஐ.வி. இல்லாதவரையும் தாக்குவது எப்படி?

பூஞ்சைத் தொற்று என்றதும் 2021-ல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சைதான் பலருக்கும் ஞாபகம் வரும். கிரிப்டோகாக்கஸ் வேறு. புறா எச்சத்திலும் அது கலந்த மண்ணிலும் வாழும் இந்தப் பூஞ்சையை 2022-ல் உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் சேர்த்தது.

கோவில்பட்டி பக்கம் புறா அடையாத கோபுரம் உண்டா? புழுதியோடு மூச்சில் போனாலும் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. ரத்தத்தில் உள்ள டி செல்கள் நுரையீரலிலேயே அதை அடக்கிவிடும். பெரும்பாலும் அவை குறையும்போதுதான் பூஞ்சை மூளை உறை வரை போகும். எய்ட்ஸ் நோயாளிகளை இது அதிகம் தாக்குவது அதனால்தான்.

சரி, குடல் எங்கே வந்தது? குடலில் நிணநீர்க் குழாய்கள் வீங்கிக் கசியும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் தாமஸ் வால்ட்மேன் 1961-ல் இதை விவரித்தார். புரதமும் டி செல்களும் மலத்தோடு போய்விடும். வருஷக்கணக்கில் வயிற்றுப்போக்கு, கால் வீக்கம் இருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனையோ 'இல்லை' என்றே வரும். சிக்கலே அங்கேதான்: பூஞ்சையாக இருக்கலாம் என்ற சந்தேகமே எழாமல் போகலாம்.

வாரக்கணக்கில் தலைவலி, காய்ச்சல், வாந்தி என்றால் நம்மூரில் முதல் சந்தேகம் காசநோய் மீதுதான். அது நியாயமானதே. ஆனால் காசநோய் மாத்திரைக்குப் பூஞ்சை அசையாது.

கண்டுபிடிக்க முதுகுத்தண்டு நீர் எடுக்க வேண்டும். 'முதுகுல ஊசி போட்டா கால் விழுந்துடும்' என்று வீட்டார் மறுப்பது உண்டு. தண்டுவடம் முடிந்து, அதற்குக் கீழே உள்ள இடத்தில்தான் ஊசி போகிறது. அந்த நீரில் கருப்பு மை கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை வெள்ளை வளையத்தோடு தெரியும். சில நிமிடங்களில் முடிவு சொல்லும் பட்டைச் சோதனையும் உண்டு. மண்டைக்குள் ஏறிய அழுத்தத்தைக் குறைக்கவும் இதே ஊசிதான் உயிர் காக்கிறது.

ஆம்போடெரிசின் மருந்தை ஆஸ்பத்திரியில் வைத்து நரம்பு வழியே ஏற்றுவார்கள். பிறகு மாதக்கணக்கில் ஃப்ளூகோனசோல் மாத்திரை. கூடவே குடல் கசிவையும் கவனிக்க வேண்டும்: சாதாரணக் கொழுப்பைக் குறைத்து, நிணநீர் வழியே போகாமல் நேராக ரத்தத்தில் சேரும் எம்.சி.டி. எண்ணெயைத் தருவது வழக்கம்.

விளாத்திகுளத்துக்காரர் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து திருநெல்வேலிக்கும் தலைவலிக்காகப் போகும்போது பழைய வயிற்றுப்போக்குச் சீட்டு வீட்டிலேயே கிடக்கும். டாக்டர் கேட்காவிட்டாலும் அதை எடுத்துக் காட்டுவது நல்லது.