கடிதம் சுமப்பவன் கடிதத்தைப் பிரிக்கலாமா?

ஊரிலிருந்து இன்லண்டு லெட்டர் வந்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒட்டிய மடிப்பு சற்றே பிரிந்திருந்தாலும் "யார் பிரித்தது?" என்ற கேள்வி வீட்டில் எழும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள், "கொஞ்சம் படித்துக் காட்டுங்கள்" என்று தபால்காரரையே கேட்பதும் உண்டு. கேட்டால் படிப்பார். கேட்காமல் பிரிக்கமாட்டார். சுமப்பது அவர் வேலை; உள்ளே இருப்பது நம் குடும்பச் சமாச்சாரம். அந்த எல்லைக்கோட்டை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.

இன்று இன்லண்டு லெட்டர் இருந்த இடத்தில் கைபேசி இருக்கிறது. பிழைப்புக்காகத் தாராவிக்கும் பெங்களூருக்கும் சூரத்துக்கும் டெல்லிக்கும் வந்த நம் குடும்பங்களுக்கு ஊருக்கும் நமக்கும் இடையிலுள்ள பாலமே அதுதான். வீட்டுக்குப் பணம் அனுப்புவது அதில். பொங்கலுக்கு ரயில் டிக்கெட் எடுப்பது அதில். வேலை தேடுவது, பிள்ளையின் பரீட்சை முடிவு பார்ப்பது, அம்மாவின் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் தேடுவது எல்லாம் அதில்தான். இவை அனைத்தையும் சுமந்து செல்வது, நாம் 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்து காசு கொடுக்கும் கம்பெனி.

அப்படியானால் நாம் கேட்கிறோம்: சுமந்து செல்லக் கூலி வாங்கும் கம்பெனி, நாம் எதைத் தேடுகிறோம், எந்தப் பக்கத்தைத் திறக்கிறோம் என்று உள்ளே எட்டிப் பார்க்கலாமா? பார்த்ததை விளம்பரக்காரனுக்கு விலையாக்கலாமா? கூலியும் வாங்கிக்கொண்டு, சுமையையும் பிரித்து விற்பது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டு, போராடி, பெரிய கம்பெனிகளைப் பின்வாங்க வைத்தவர்கள் பிரிட்டன் நாட்டுச் சாதாரண வாடிக்கையாளர்கள். அந்த வரலாற்றை நம் வாசகர்கள் அறிந்திருப்பது அவசியம்.

2008 பிப்ரவரியில் ஃபோர்ம் என்ற விளம்பரக் கம்பெனி, பி.டி., விர்ஜின் மீடியா, டாக்டாக் ஆகிய மூன்று பெரிய இணைய இணைப்புக் கம்பெனிகளுடன் ஒப்பந்தம் செய்துகொண்டதாக அறிவித்தது. அந்நாட்டு இணைப்புகளில் பெரும்பகுதி இம்மூன்றின் கையில் இருந்தது. இவற்றில் பி.டி. என்பது, தபால் இலாகாவின் தொலைபேசிப் பிரிவாக இருந்து 1981-ல் பிரிக்கப்பட்டு, 1984-ல் தனியாருக்கு விற்கப்பட்ட பிரிட்டிஷ் டெலிகாம்தான். கடிதம் சுமந்த வீட்டில் பிறந்த பிள்ளையே கடிதத்தைப் பிரிக்கத் துணிந்தது!

திட்டம் இதுதான். வாடிக்கையாளர் ஒரு பக்கத்தைத் திறந்தால், அது நேராக அவரிடம் வராது. இணைப்புக் கம்பெனியின் நிலையத்தில் வைத்த கருவி அவரை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, அவருடைய கணினியில் ஓர் அடையாள எண்ணை ஒட்டும். பிறகு அவர் படிக்கும் பக்கங்களின் சொற்களை ஆராயும். இவர் கார் வாங்கப் போகிறவர், இவர் பயணம் போகிறவர் என்று வகை பிரிக்கும். வகைக்கேற்ற விளம்பரம் அவர் கண்முன் வந்து நிற்கும். "பெயரைச் சேர்த்து வைக்கமாட்டோம், எண் மட்டும்தான், படித்த பக்கங்களையும் வைத்துக்கொள்ளமாட்டோம்" என்றது ஃபோர்ம். ஆனால் மக்கள் கேட்டது வேறு கேள்வி. எவ்வளவு காலம் வைத்திருப்பாய் என்று அவர்கள் கேட்கவில்லை; பிரிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்றுதான் கேட்டார்கள்.

அடுத்து வெளிவந்த செய்திதான் வாடிக்கையாளர்களைக் கொதிக்க வைத்தது. 2006-லும் 2007-லும் பி.டி. தன் வாடிக்கையாளர்களில் பல்லாயிரம் பேர் மீது இக்கருவியை இரகசியமாகச் சோதித்துப் பார்த்திருந்தது. அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கணினி முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போய் வருவதைக் கண்டுபிடித்த ஒரு வாடிக்கையாளர், 2007-லேயே கம்பெனியைக் கேட்டார். உங்கள் கணினியில்தான் வைரஸ் இருக்கும் என்ற பாணியில் அவருக்குப் பதில் கிடைத்தது. 2008 ஏப்ரலில்தான் இரகசியச் சோதனைகளைக் கம்பெனி ஒப்புக்கொண்டது. வேலியே பயிரை மேய்ந்தது. மேய்ந்துவிட்டுப் பயிரின் மீதே பழியும் போட்டது.

வாடிக்கையாளர்கள் சும்மா இருக்கவில்லை. பிரதமருக்கு அனுப்பிய மனுவில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். சட்டம் அறிந்தவர்களும் கணினி அறிந்தவர்களும் அவர்களோடு சேர்ந்து, பிறர் தகவலை வழியில் இடைமறிப்பதைத் தடுக்கும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இது விரோதமானது என்று எழுதிக் காட்டினர். வலைப்பின்னலைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, என் இணைப்புக் கம்பெனி இப்படிச் செய்தால் நான் கம்பெனியை மாற்றிவிடுவேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். 2008 ஜூலையில் லண்டனில் பி.டி. பங்குதாரர் கூட்டம் நடந்த மண்டபத்தின் வாசலிலேயே எதிர்ப்பாளர்கள் நின்றார்கள். போலீசுக்கும் புகார் போனது.

போலீஸ் என்ன செய்தது? குற்றம் செய்யும் நோக்கம் இல்லை, வாடிக்கையாளரின் மறைமுகச் சம்மதம் இருந்ததாகக் கொள்ளலாம் என்று சொல்லிக் கைகழுவியது. தெரியாத ஒன்றுக்கு ஒருவன் எப்படிச் சம்மதம் கொடுக்க முடியும் என்று எந்த அதிகாரியும் விளக்கவில்லை. 2011-ல் அரசு வழக்கறிஞர் துறையும் வழக்குத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தது. பெரிய கம்பெனியின் குற்றத்துக்கும் ஏழையின் குற்றத்துக்கும் தராசு வேறு வேறு என்பது நம் நாட்டில் மட்டும் உள்ள கதை அல்ல.

ஆயினும் போராட்டம் வீண்போகவில்லை. 2009 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம், மக்களின் தகவல் இரகசியத்தைக் காக்கத் தவறியதாக பிரிட்டன் அரசின் மீதே நடவடிக்கை தொடங்கியது. அமேசான் கம்பெனி தன் பக்கங்களை ஃபோர்ம் கருவி ஆராயக்கூடாது என்று விலகிக்கொண்டது. 2009 ஜூலையில் பி.டி. திட்டத்தைக் கைவிட்டது, டாக்டாக்கும் பின்வாங்கியது. 2011-ல் பிரிட்டன் தன் சட்டத்தையே திருத்தியது. "சம்மதம் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்" என்று சொல்லித் தப்பிய பொந்து அடைபட்டது. ஃபோர்ம் வேறு நாடுகளில் வியாபாரம் தேடி அலைந்து, 2016-ல் கடையை மூடியது.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? போலீஸ் காப்பாற்றவில்லை, கம்பெனியின் மனச்சாட்சியும் காப்பாற்றவில்லை. "என்னைக் கேட்டாயா?" என்று விடாமல் கேட்ட வாடிக்கையாளர்தான் அந்தக் கருவியை நிறுத்தினார்.

வென்றதைக் காவல் காக்கவும் வேண்டும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கு வெரிசான் கம்பெனி கைபேசி வாடிக்கையாளர்கள் மீது, அவர்களால் அழிக்க முடியாத ஓர் அடையாளக் குறியை ஒட்டி வந்தது. 2016 மார்ச்சில் 13 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் கட்டியது. அதே ஆண்டு அக்டோபரில், வாடிக்கையாளரைக் கேட்காமல் இணைப்புக் கம்பெனிகள் அவர் பார்க்கும் பக்கங்களின் விவரத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று விதி வந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வருமுன்பே, 2017-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கொடுத்த கை அசந்தால் பறிக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2015 ஜூனில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிரலாளர், ஏர்டெல்லின் 3ஜி இணைப்பில் தான் திறக்கும் பக்கங்களுக்குள், அந்தப் பக்கத்துக்குச் சொந்தமில்லாத நிரல் வரிகள் வழியில் செருகப்படுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். எவ்வளவு டேட்டா செலவாகிறது என்பதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவே இந்தச் சோதனை என்றது கம்பெனி. அப்படியே இருக்கட்டும். நல்ல காரியத்துக்காகத்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன் என்றாலும், பிரித்தது பிரித்ததுதானே? அதைவிட வேடிக்கை, கருவி தயாரித்த வெளிநாட்டுக் கம்பெனி, கண்டுபிடித்துச் சொன்ன நிரலாளருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது!

"நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். வேலை போன வாரத்தில் ஒருவர் அவசரக் கடன் என்று தேடுகிறார். அவரைக் கடன் தேவைப்படுகிறவர் என்று வகை பிரித்துவிட்டால், அவர் எதைத் திறந்தாலும் கடன் விளம்பரம். கடன் செயலிகளின் அடாவடியால் குடும்பங்கள் பட்ட பாட்டை நாடு பார்த்திருக்கிறது. 2022-ல் ரிசர்வ் வங்கியே கட்டுப்பாடு விதிக்க வேண்டி வந்தது. ஒரு சகோதரி தனக்குள்ள நோயைப் பற்றிக் கூச்சத்தோடு தேடுகிறார். அந்தக் கைபேசி வீட்டில் எல்லார் கையிலும் புழங்குவது. மறுநாள் அந்நோயின் மருந்து விளம்பரம் மாமனார் கண்முன் வந்து நிற்கிறது. இது திருட்டை மறைக்கும் விஷயம் அல்ல. மானத்தைக் காக்கும் விஷயம்.

"இப்போது பக்கங்களுக்குப் பூட்டு வந்துவிட்டதே" என்று விவரம் தெரிந்த இளைஞர்கள் சொல்வார்கள். உண்மை. இன்று பெரும்பாலான பக்கங்கள் பூட்டிய உறையில் வருகின்றன. உள்ளே எழுதியதை இணைப்புக் கம்பெனி படிக்க முடியாது. ஆனால் உறைமேல் எழுதிய முகவரியைப் பெரும்பாலும் பார்க்க முடியும். புற்றுநோய் ஆஸ்பத்திரியின் தளத்துக்கு ஒருவர் வாரம் நான்கு முறை போகிறார் என்று தெரிந்தால், உறையைப் பிரித்துப் படிக்கவும் வேண்டுமா?

நம் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2018 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வாடிக்கையாளரின் தகவலுக்கு அவரே சொந்தக்காரர், கம்பெனிகள் வெறும் பாதுகாவலர்களே என்று பரிந்துரைத்தது. 2023 ஆகஸ்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு அன்றிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ள அச்சட்டம் இடம் கொடுத்திருப்பதை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அதில் நமக்குப் பயன்படும் மூன்று விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது, சம்மதம் என்பது விவரம் தெரிந்து, விரும்பி, குறிப்பிட்ட காரியத்துக்காகக் கொடுப்பதாக இருக்க வேண்டும். கொடுத்ததைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். இரண்டாவது, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. சிம் அப்பா பெயரில், படிப்பது பிள்ளை என்ற நம் வீடுகளில் இது எப்படி நிறைவேறும் என்று கம்பெனிகள்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதே நமக்கு முதன்மையானது: சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலோ படிக்க வழி செய்ய வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. நாம் இந்தி பேசும் ஊரில் இருந்தாலும் மராத்தி பேசும் ஊரில் இருந்தாலும் தமிழில் கேட்கும் உரிமை நம்முடையது. புரியாத மொழியில், பொடி எழுத்தில், கடைசி வரியில் வாங்கும் சம்மதம், வெள்ளைத் தாளில் வாங்கும் கைநாட்டுதான். கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சொல்கிறோம். சிம் வாங்கும்போதும் கம்பெனியின் செயலியைத் திறக்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டு "ஒப்புக்கொள்கிறேன்" என்பதைத் தொடாதீர்கள். விளம்பரத்துக்காக என் விவரத்தைப் பயன்படுத்துகிறீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். தமிழில் பதில் கேளுங்கள். புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால், எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் உண்டு. எழுதத் தெரிந்த இளைஞர்கள், ஒவ்வொரு கிளையிலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.

தனி ஒருவர் எழுதினால் கம்பெனி குப்பையில் போடும் என்று எண்ண வேண்டாம். 2015-ல் இணையச் சமத்துவத்துக்காக 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிராய்க்கு மின்னஞ்சல் எழுதினார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று, பக்கத்துக்கொரு கட்டணம் வாங்குவதற்கு அது தடை விதித்தது. எழுதியவர்கள் நம்மைப் போன்ற வாடிக்கையாளர்கள்தாம்.

தபால்காரரிடம் படித்துக் காட்டச் சொன்ன நம் பாட்டிமார்களுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தங்கள் கடிதத்தை யார் பிரிக்கலாம் என்பது தெரிந்திருந்தது. எழுத்தறிந்த நாம் அதை மறந்துவிடலாகாது. கம்பெனிகளே, சுமக்கத்தான் உங்களுக்குக் கூலி தருகிறோம். பிரிக்க வேண்டுமென்றால் கேளுங்கள், எங்களுக்குப் புரியும் மொழியில் கேளுங்கள். "வேண்டாம்" என்று சொன்னால், மடிப்பை ஒட்டியபடியே கொண்டுவந்து சேருங்கள்.