தராசும் தாய்ப்பாலும்

தில்லியில் நம்மவர் வீட்டில் குழந்தை பிறந்தால் பார்க்கப் போகிறவர்கள், "எடையே ஏறலையே, பால் பத்தலை போலிருக்கு. டப்பாப் பால் கொடுங்கோ" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். இதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன்.

ரயில்வேயில் வே பிரிட்ஜுடன் பழகியவன் நான். காலி வாகனின் எடை தெரியாமல் சரக்கின் எடையைச் சொல்ல மாட்டோம். குழந்தையையோ ஒரு வாரம் சட்டையோடு நிறுக்கிறார்கள், மறு வாரம் சட்டையில்லாமல் வேறு தராசில்! முதல் சில நாட்களில் எடை 7 முதல் 10 சதவீதம் வரை குறைவதுண்டு. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மீண்டுவிடும். பழைய வளர்ச்சி அட்டவணை, பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்டது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டதோ தாய்ப்பால் குழந்தைகளை வைத்து. அதில் நம் தெற்கு தில்லிக் குழந்தைகளும் உண்டு.

குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். டப்பா புகுந்தால் சப்புவது குறையும், சுரப்பும் குறையும். "பத்தலை" என்றது மெய்யாகிவிடும்! டப்பாப் பால் விளம்பரத்தை 1992-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. பக்கத்து வீட்டு மாமியைத் தடுக்கச் சட்டம் ஏது?

ஆனால் இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ, முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறைகூடச் சிறுநீர் போகாவிட்டாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் சொன்னால் டப்பாப் பாலும் கொடுக்கலாம்.