பயனர் அனுபவப் படிப்பும் பதுளைப் பிள்ளைகளும்

பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் சிலர் அண்மைக் காலமாக 'யூஎக்ஸ்' என்ற ஒரு படிப்பைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். கலைப்பட்டதாரியான ஒரு பத்திரிகைக்காரனிடம் கணினிப் படிப்பைப் பற்றிக் கேட்பானேன் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். மலையகத்தில் பத்திரிகைக்காரன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்றொரு நம்பிக்கை உண்டு. காணாமற்போன பிறப்புச் சான்றிதழ் முதல் கடவுச்சீட்டு விண்ணப்பம் வரை அவனிடம்தான் வரும். ஆகவே விசாரித்தேன், ஓரளவு படித்தும் பார்த்தேன். பிள்ளைகள் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: எந்த மென்பொருளை முதலில் பழகுவது? எந்தச் சான்றிதழ் வேலைக்கு உதவும்? இவ்விரண்டும் பின்னால் கேட்கவேண்டியவை என்பது என் கருத்து.

யூஎக்ஸ் என்பதைத் தமிழில் பயனர் அனுபவ வடிவமைப்பு என்கிறார்கள். ஒரு பொருளை, ஒரு சேவையை, ஒரு கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்தும் மனிதர் எங்கே தடுமாறுகிறார், எங்கே சலித்துப்போகிறார் என்று கண்டறிந்து, தடுமாறாதபடி அதை அமைத்துக் கொடுக்கும் தொழில். இச்சொல்லைப் பரவலாக்கியவர் டொனால்ட் நோர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1993இல் ஆப்பிள் நிறுவனத்துக்குப் பணியாற்றச் சென்றபோது தமது பதவிப் பெயரிலேயே இதனைச் சேர்த்துக்கொண்டார். அதற்கு முன்னரே, 1988இல், கதவுகளையும் அடுப்புகளையும் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். தள்ளவேண்டிய கதவில் இழுக்கும் கைப்பிடியைப் பொருத்திவிட்டு, இழுத்தவனை அறிவிலி என்பது என்ன நியாயம் என்பதே அந்நூலின் சாரம். கணினித் திரையைப் பற்றிய கவலை அதில் குறைவு. மனிதரைப் பற்றிய கவலையே அதிகம்.

இணையத்தில் இதைக் கற்பிக்கும் பாடநெறிகள் ஏராளம். நம் பிள்ளைகள் அதிகம் பெயர் சொல்வது, கூகுள் நிறுவனம் 2021இல் கோர்சேரா தளத்தில் தொடங்கிய பாடநெறியை. பயனரின் நிலையில் நின்று உணர்வது, பிரச்சினையை வரையறுப்பது, தீர்வுகள் பலவற்றை எண்ணிப் பார்ப்பது என்பவை அதன் ஆரம்பக் கட்டங்கள். அதற்குப் பிறகே தாளில் கோட்டுச் சித்திரம். அதற்கும் பிறகே ஃபிக்மா போன்ற வரைகருவி. அமெரிக்காவில் இதற்கு மாதம் 49 டொலர் என்பது நெடுநாள் கட்டணம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்கிட்டால், அது தோட்டத்தில் பத்து நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. நிதியுதவி கோரி விண்ணப்பித்தால் கட்டணம் முழுவதுமோ ஒரு பகுதியோ குறையக்கூடும். பதிலுக்கு இரண்டு வாரமளவு காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு சதமும் கொடுக்காமல் தொடங்க விரும்புவோருக்கு, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்திய வடிவமைப்புச் சிந்தனை பற்றிய விரிவுரைகள் என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இணையத்தள வடிவமைப்பும் நிரலாக்கமும் கற்க, நம் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநெறிகளும் உள்ளன.

நிற்க. கூகுள் பாடநெறியில் மீண்டும் மீண்டும் வரும் உதாரணம் என்ன தெரியுமா? வளர்ப்பு நாயை உலாவ அழைத்துச் செல்ல ஆள் தேடித்தரும் ஒரு செயலி! நியூயோர்க்கில் அது நியாயமான தேவையாக இருக்கலாம். நமுனுகுல மலையடிவாரத்து நாய்கள் எவர் துணையுமின்றித் தாமே உலாவிவிட்டு வருகின்றன. குறை பாடநெறியில் இல்லை. அது எழுதப்பட்ட ஊருக்கு அது பொருந்துகிறது. நம் பிள்ளைகளோ அந்த உதாரணத்தையே பெயர் மாற்றிச் செய்து, கண்ணால் காணாத ஒரு நாய் உரிமையாளரைக் கற்பனை செய்து, அவருக்கு வயது, சம்பளம், பொழுதுபோக்கு எல்லாம் எழுதி ஒப்படைத்துவிடுகிறார்கள். சான்றிதழும் வந்துவிடுகிறது. அந்தப் பாடத்தின் உயிர்நாடி, உண்மையான மனிதரிடம் போய்ப் பேசுவது. அது மட்டும் நடக்கவில்லை.

பேசுவதற்கு ஊவாவில் பொருளா இல்லை? முகவரி என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். படிவமாயினும் இணையத்தளமாயினும் வீட்டிலக்கம், வீதி, நகரம், தபாற் குறியீடு என்று கேட்கும். லயத்தில் வாழ்பவர் எதை எழுதுவார்? தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், பிறகு நகரத்தின் பெயர். ஒரே பிரிவில் ஒரே பெயரில் நால்வர் இருப்பார்கள். கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது ஏறி, ஒருநாள் லயத்துக்கு வரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகும் வரும். வீதிப் பெயர் இல்லாமற்போனதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இருந்த நிலையில், தோட்டப் பகுதிக்குள் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிட முடியாதிருந்தது. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் உள்ளூராட்சி எட்டிப்பாராத பாதைக்கு யார் பெயர்ப்பலகை நடுவது? கொழும்பில் அமர்ந்து 'வீதியின் பெயர் கட்டாயம்' என்று சிவப்பு நட்சத்திரம் போடும் வடிவமைப்பாளருக்கு இது தெரிய நியாயமில்லை. தெரிந்த ஒருவர் அந்த மேசையில் அமர்ந்திருக்க வேண்டும். இந்தப் படிப்பை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு முதற் காரணமே இதுதான்.

மொழியும் அப்படியே. பதுளை மாவட்டத்தில் பசறை, அப்புத்தளை, பண்டாரவளை உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. வர்த்தமானியில் ஏறிய தமிழ் கருமபீடத்தில் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை அங்கே ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து பார்த்தாலே குறிப்பெழுதலாம். யார் எந்தப் படிவத்தை யாரிடம் கொடுத்து நிரப்புகிறார், எந்தக் கேள்வியில் பேனா நிற்கிறது, எத்தனை பேர் 'அடுத்த கிழமை வாருங்கள்' என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள்... பயனர் ஆய்வு என்று பாடநெறி சொல்வது இதைத்தான்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. 'இந்தப் படிவம் உங்களுக்குச் சுலபமாக இருக்கிறதா அம்மா?' என்று கேட்டால், 'சுலபந்தான் தம்பி' என்று பதில் வரும். படித்த பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று நினைப்பார்கள். 'கடைசியாக இப்படி ஒரு கடிதம் வந்த அன்றைக்கு என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது கதை வரும். கதைக்குள்தான் பிரச்சினை இருக்கும். பத்திரிகைத் தொழிலில் மூத்தவர்கள் எமக்குச் சொல்லித்தந்ததும் இதுவே. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில், புடைவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டெழுதினார் என்பது மலையக வரலாற்றில் பதிவான செய்தி. வெளியாட்கள் உள்ளே நுழைய முடியாத காலம் அது. நேரில் பார்த்த பிறகே அவர் பேனாவைத் தொட்டார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தோட்டத்தில் பிறந்துவிட்டதாலேயே தோட்டத்தாரின் மனம் தெரியும் என்று எண்ணுவதும் தவறு. உயர்தரம் படித்த பிள்ளையின் கைப்பேசி அனுபவமும், ஓய்வுபெற்ற அவளுடைய அப்பாயியின் அனுபவமும் ஒன்றல்ல. சிங்களம் சரளமாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாமலிருக்கலாம். வீட்டுக்குள்ளேயே ஆய்வு செய்ய வேண்டிய நிலை நமக்கு.

அடுத்த கட்டம் வரையறுத்தல். எனக்குத் தெரிந்து இப்படிப்பின் மிகக் கடினமான பகுதி இது. ஊவாவில் இதற்கு ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. இன்றைய மாணவர் ஒருவரிடம் இதைக் கொடுத்தால், 'மண்சரிவு எச்சரிக்கைச் செயலி' என்று உடனே திரைகளை வரையத் தொடங்கிவிடுவார். சற்று நிதானித்து 'ஏன்' என்று அடுக்கடுக்காகக் கேட்கட்டும். எச்சரிக்கை யாருக்குப் போனது? எந்த மொழியில் போனது? போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்த மக்கள் எங்கே போயிருப்பார்கள்? குடியிருக்கும் அறையும் அதன் நிலமும் அவர்களுடையவை அல்ல. வேறு காணியும் கையில் இல்லை. ஆக, அங்கே இல்லாமற்போனது செயலி என்று சொன்னால் அது பொய்யாகும். காணியும் வீடும் இல்லை. செய்தி தமிழில் உரிய நேரத்தில் வருவதும் தேவையே. ஆனால் அதைத் தீர்த்துவிட்டு மற்றதைத் தீர்த்ததாக எண்ணிக்கொள்ளலாகாது. எந்தப் பிரச்சினைக்குத் திரை தீர்வாகாது என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல வடிவமைப்பாளர். பாடநெறிகள் இதை ஓரிரு நிமிடங்களில் கடந்துவிடுகின்றன.

மாதிரி வரைவதற்குக் கொப்பித் தாளும் பென்சிலும் போதும். கொழுந்து நிறுவையைக் கவனியுங்கள். நாளொன்றுக்கு இரண்டு, மூன்று முறை நிறுக்கப்படுகிறது; பல தோட்டங்களுக்கு மின்னணுத் தராசும் வந்துவிட்டது. அந்த எண் யாருடைய கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது? கழிக்கப்பட்ட நிறை எவ்வளவு என்று கொழுந்து பறித்தவருக்கு எப்போது தெரிகிறது? மாத முடிவில் சம்பளத் துண்டில் பார்த்து அவரால் கூட்டிச் சரிபார்க்க முடிகிறதா? தராசை வாங்கியவர் நிர்வாகம், இயக்குபவர் கணக்கப்பிள்ளை, அதனால் வாழ்பவர் தொழிலாளி. இம்மூவரில் பயனர் யார்? இந்தக் கேள்விக்குப் பதிலெழுதும் மாணவர், எந்த நிறுவனத்து நேர்முகத்திலும் தலைநிமிர்ந்து பேசலாம். ஒரு சம்பளத் துண்டைப் புதிதாக வரைந்து, பக்கத்து லயத்தில் ஐந்து பேரிடம் காட்டி, 'இந்த மாதம் எத்தனை கிலோ என்று இதில் காட்டுங்கள்' என்று சொல்லிப் பார்க்கட்டும். ஐந்து பேரே போதும், பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேகப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். இதற்கு மின்சாரமும் வேண்டாம்.

மின்சாரத்தையும் அலைவரிசையையும் நம்பியிருப்பவர்கள் பட்ட பாட்டை 2021இல் பார்த்தோம். பாடசாலைகள் மூடியிருந்தபோது, லுணுகலைப் பகுதிப் பிள்ளைகள் இணைய வகுப்புக்காகக் காட்டு மலையுச்சியில் ஒரு மரவீட்டுக்கு ஏறினார்கள். உலக ஊடகங்களில் படம் வந்தது. காணொளியை நம்பிய பாடத்தைவிட, ஒருமுறை இறக்கிவைத்துப் பிறகு ஊருக்குள் அலைந்து செய்யும் பாடம் இவர்களுக்கு வாய்ப்பானது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இனி வேலை. இங்கே இனிப்பாகப் பேச எனக்கு விருப்பமில்லை. 2022இன் பிற்பகுதியிலிருந்து உலகின் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்குறைப்புச் செய்தன. அனுபவமில்லாத புதியவருக்கான இடங்கள் சுருங்கின. சொன்னதும் திரையை வரைந்துகொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. ஆறு மாதத்தில் டொலரில் சம்பளம் என்று விளம்பரம் செய்யும் தனியார் நிலையங்களை நம்பி அம்மாவின் தோட்டை அடகுவைக்க வேண்டாம். இயந்திரம் வரைந்துதரும், பசறைத் தபாற்கந்தோரில் பேனா எங்கே நிற்கிறது என்று அதற்கு யாராவது போய்ப் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த வேலை ஆரம்பக் கட்டங்களில்தான் இருக்கிறது. அரசாங்கம் சேவைகளை ஒவ்வொன்றாக இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தது. 2023இல் அஸ்வெசும வந்தது, 22 குறிகாட்டிகளை வைத்து ஏழ்மையை அளந்தது, இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. அடுத்து வரப்போகும் திட்டத்தின் படிவத்தை யார் வரைவது?

2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளை நகருக்கு அருகிலேயே இருக்கிறது. கணினி மாணவர்கள் அங்கே உண்டு. தோட்டப் பாடசாலைகளில் உயர்தரம் முடித்துக் கொழும்புக் கடைகளுக்குப் புறப்படுமுன் சில மாதங்கள் வீட்டிலிருக்கும் பிள்ளைகளும் உண்டு. இரு சாராரையும் ஒரு சனிக்கிழமை பிரதேச செயலகத்துப் படிவங்களுடன் ஒரே மேசையில் உட்காரவைக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இப்படிப்புக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. அம்மேசையில் பேசும்போதே சில பிறக்கும். கனடாவிலும் இங்கிலாந்திலும் இத்தொழிலில் இருக்கும் நம்மவர்கள் இதைப் படித்தால், மாதத்தில் ஒரு மணி நேரம் காணொளி அழைப்பில் வந்து, இந்தப் பிள்ளைகள் தாளில் வரைந்ததைப் பார்த்துத் தமிழில் குறை சொல்லுங்கள். விருப்பமுள்ளவர்கள் எனக்கு எழுதினால், பசறையிலும் அப்புத்தளையிலும் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளோடு தொடர்புபடுத்திவிடுகிறேன்.