செட்டில்மென்ட்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, வீட்டுக்கு விலை போட்டீங்களா?

எஸ்.ஐ.பி, டேர்ம் இன்ஷூரன்ஸ், வரி சேமிப்புன்னு பேசுற இடத்துல இன்னிக்கு கொஞ்சம் கசப்பான டாபிக். விவாகரத்து. யாருக்கும் வரக் கூடாதுதான். ஆனா வந்துட்டா, நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரங்களுக்கு வாழ்க்கையிலேயே மிகப் பெரிய பணப் பரிவர்த்தனைகள்ல அதுவும் ஒண்ணு.

கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்க நாலு இடம் ஏறி இறங்கி விலை விசாரிக்கிறோம். பிரியும்போது மட்டும் "எதையாவது கொடுத்து முடிச்சுக்கலாம், ஆளை விட்டாப் போதும்"னு ஒரு ரவுண்டு தொகையைச் சொல்லிக் கையெழுத்துப் போடுறோம். அந்தத் தொகை எங்கிருந்து வந்துச்சு? பெரும்பாலும் ரெண்டு பக்கத்துப் பெரியவங்க உட்கார்ந்து பேசின வாய்க் கணக்குல இருந்து.

என் கருத்து இதுதான்: வீடும் நகையும் இருக்கிற எந்தத் தம்பதியும், சொந்தக்காரங்க இல்லாத ஒரு மூணாவது மனுஷர் எழுத்துல மதிப்புப் போட்டுக் கொடுக்காம செட்டில்மென்ட்ல கையெழுத்துப் போடக் கூடாது. கணவனுக்கும் இது பொருந்தும், மனைவிக்கும் பொருந்தும்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுது?

நிறைய பேர் சினிமா பார்த்துட்டு "டைவர்ஸ்னா சொத்துல பாதி போயிடும்"னு நினைக்கிறாங்க. கோவாவுல கணவன் மனைவி சொத்துக்குத் தனிச் சட்டம் இருக்கு. மத்தபடி இந்தியாவுல பெரும்பாலும் தானா பாதிப் பாதி பிரிக்கிற சட்டம் கிடையாது. பத்திரத்துல யார் பேர் இருக்கு, பணம் யார் போட்டாங்கங்கிறதுதான் அடிப்படை. அதே நேரம், மனைவியோட வீட்டு உழைப்பும் சொத்து சேர்த்ததுல பங்களிப்புதான்னு 2023 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்குல தீர்ப்பு சொல்லியிருக்கு.

ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போனா, 2020 நவம்பர்ல ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னபடி ரெண்டு பேருமே சொத்து, கடன், வருமானம் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும். பரஸ்பர சம்மதத்துல பிரியறவங்க தொகையைத் தாங்களே பேசி முடிக்கிறாங்க. "முழு மற்றும் இறுதித் தீர்வு"ன்னு எழுதிக் கையெழுத்தாகிட்டா, பிற்பாடு அதைக் கிளறுறது ரொம்பக் கஷ்டம். அதனால கணக்குப் போட வேண்டிய நேரம் அதுக்கு முன்னாடிதான்.

ஒரு ஃபிளாட், மூணு விலை

கற்பனையா ஒரு உதாரணம். ரெண்டு பேர் பேர்லயும் ஒரு ஃபிளாட். 40 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 34,700 ரூபாய். அஞ்சு வருஷம் கட்டியாச்சு, அதாவது கிட்டத்தட்ட 20.8 லட்சம். ஆனா அசல்ல குறைஞ்சது வெறும் 4.75 லட்சம்தான். பாக்கி சுமார் 35.25 லட்சம் அப்படியே நிக்குது. வீட்டைக் கணவர் வச்சுக்கிட்டு, மிச்சக் கடனையும் கட்டிக்கிட்டு, மனைவிக்குப் பாதிப் பங்கு பணமா கொடுக்கிறதுன்னு பேச்சு.

கணவர் வீட்ல வழிகாட்டி மதிப்பை வச்சு "48 லட்சம்"னு சொல்றாங்க. கடனைக் கழிச்சுப் பாதி போட்டா மனைவிக்கு 6.4 லட்சம் வருது. மனைவியோட மாமா "பக்கத்துத் தெருவுல 90க்குப் போச்சு"ங்கிறாரு. அப்போ பங்கு 27.4 லட்சம். மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, அதே குடியிருப்புல சமீபத்துல பதிவான விற்பனைகளை ஒப்பிட்டு 72 லட்சம்னு எழுதுறார்னு வைங்க. பங்கு 18.4 லட்சம்.

முதல் கணக்குல மனைவிக்கு 12 லட்சம் நஷ்டம். ரெண்டாவதுல கணவருக்கு 9 லட்சம் நஷ்டம். இந்த இடைவெளிதான் பல வருஷச் சேமிப்பு. வழிகாட்டி மதிப்பு பத்திரப் பதிவுக் கட்டணத்துக்காக அரசு வைக்கிற கணக்கு. உங்க வீடு இன்னிக்கு என்ன விலைக்குப் போகும்னு அது சொல்லாது. கடன் வாங்கும்போது பேங்க் எடுத்த மதிப்பீடும் அஞ்சு வருஷப் பழசு.

நகை

கல்யாணத்துல பொண்ணுக்குப் போட்ட நகை சீதனம். அது அவங்களோட முழுச் சொத்துன்னு 1985லேயே பிரதிபா ராணி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதைப் பங்கு போடுற பேச்சே வரக் கூடாது. பிரச்சினை எங்க வருதுன்னா, நகையை வித்தோ அடகு வச்சோ வீட்டுக்கு முன்பணம் கட்டியிருப்பாங்க. இப்போ "அன்னிக்கு வித்த விலையைத் தர்றேன்"னா அது நியாயமே இல்லை. எத்தனை கிராம், என்ன தரம்ங்கிறதை வச்சு இன்னிக்கு விலையில பேசணும். கையில இருக்கிற நகையா இருந்தா கல், அரக்கு எடையைக் கழிச்சு, தரம் சோதிச்சு எழுத்துல வாங்குங்க. பில்லுல இருக்கிற செய்கூலி, சேதாரம் திரும்ப வராது. "60 பவுன்"ங்கிற வார்த்தையை மட்டும் நம்பாதீங்க.

எதுக்கு ஆள் வேண்டாம்?

மியூச்சுவல் ஃபண்ட், ஷேர், எஃப்.டி., பி.எஃப். இதுக்கெல்லாம் மதிப்பீட்டாளருக்குக் காசு கொடுக்காதீங்க. ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையும் பி.எஃப். பாஸ்புக்கும் போதும். ஆனா வரியைக் கழிச்சுப் பாருங்க. 10 லட்சம் ஈக்விட்டி ஃபண்டுல 4 லட்சம் நீண்டகால லாபம்னா, 1.25 லட்சம் போக மிச்சத்துக்கு 12.5% வரி, அதாவது 34,375 ரூபாய். செஸ் தனி. "நீ ஃபண்டை எடுத்துக்கோ, நான் எஃப்.டி.யை எடுத்துக்கிறேன்"னா ரெண்டும் சமம் இல்லை. காருக்கு இன்ஷூரன்ஸ் பாலிசியில இருக்கிற ஐ.டி.வி. போதும். சோஃபா, ஃபிரிட்ஜுக்குச் சண்டை போடாதீங்க, வக்கீல் ஃபீஸ்தான் ஏறும்.

யாரைக் கூப்பிடணும்?

வீடு, நிலத்துக்கு வருமான வரித்துறையிலோ, இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்திலோ பதிவு பெற்ற மதிப்பீட்டாளரைத் தேடுங்க. புரோக்கர் வேண்டாம், அவருக்கு விற்பனை நடந்தாதான் கமிஷன். முடிஞ்சா ரெண்டு பேரும் சேர்ந்து ஒருத்தரையே வச்சு ஃபீஸைப் பாதிப் பாதி போட்டுக்கோங்க. ஆளுக்கொரு மதிப்பீட்டாளர்னா ஆளுக்கொரு விலைதான் வரும். எந்தத் தேதி நிலவரம், எந்த விற்பனைகளோட ஒப்பிட்டாரு, கட்டடத் தேய்மானம் எவ்வளவு, இந்த மூணும் அறிக்கையில இருக்கணும்.

இன்னொரு முக்கியமான விஷயம். வீடு யாருக்குன்னு முடிவானாலும், கடன்ல ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தா, பேங்க் எழுத்துல விடுவிக்கிற வரைக்கும் ரெண்டு பேருமே பொறுப்பு. நீங்க போட்ட ஒப்பந்தத்துல பேங்க் கட்சி இல்லை. அவர் இ.எம்.ஐ. கட்டாம விட்டா உங்க கிரெடிட் ஸ்கோரும் விழும். கடனை ஒருத்தர் பேருக்கு மாத்துறதை செட்டில்மென்ட் நிபந்தனையாவே எழுதுங்க. அப்படியே இன்ஷூரன்ஸ், பி.எஃப். நாமினியையும் பாருங்க. விவாகரத்து ஆச்சுன்னு அது தானா மாறாது.

"இவ்வளவு கணக்குப் பார்க்கணுமா?"

இதைச் செஞ்சா ஊர்ல "பணத்தாசை"ம்பாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். வெறும் மனக்கசப்புல பேசும்போது ஒவ்வொரு லட்சமும் ஒரு பழைய சண்டையா மாறுது. நடுவுல ஒரு அறிக்கை இருந்தா, அதுக்கு அப்புறம் பேச வேண்டியது கழித்தலும் வகுத்தலும்தான். பெருந்தன்மையா விட்டுக் கொடுக்கணும்னு தோணுதா? தாராளமா விடுங்க. ஆனா எவ்வளவு விட்டுக் கொடுக்கிறோம்னு தெரிஞ்சு விடுங்க. தெரியாம விட்டதுக்குப் பேர் ஏமாறுறது.

சந்தோஷமா குடும்பம் நடத்துறவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. முன்பணம் யார் கணக்குல இருந்து போச்சு, எந்த நகை வித்தாச்சு, இ.எம்.ஐ. யார் கட்டுறாங்கன்னு ஒரு ஷீட்ல எழுதி ரெண்டு பேர்கிட்டயும் வச்சுக்கோங்க. ஒருத்தருக்கு ஏதாவது ஆனாலும் மத்தவருக்கு அது உதவும்.

உங்க கேள்விகளைக் கமென்ட்ல போடுங்க, ஆனா சொந்த வழக்கு விவரம் வேண்டாம். அதை உங்க வக்கீல்கிட்ட மட்டும் சொல்லுங்க.